கார்னகி மண்டபத்தில் நிதானமாக வாசித்த குற்றம்



கச்சேரியில் ஸ்வரம் பிசகினால் மறுநாளே மறந்துவிடுகிற பெருந்தன்மை ரசிகர்களுக்கும் விமர்சகர்களுக்கும் எப்போதும் உண்டு. அதே வித்வான் தெரிந்தே, யோசித்தே, முன்கூட்டிச் சொல்லிவிட்டே வழக்கத்துக்கு மாறான காலப்பிரமாணத்தில் வாசித்துவிட்டாரானால், அதை மட்டும் அறுபது வருஷங்களுக்குப் பிறகும் ஒரு விபரீதக் கதையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அப்படிச் சிரிப்புக்கு இலக்கான ஒரு கச்சேரிக்காக வக்காலத்து வாங்கிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

1962ஆம் வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை, நியூயார்க் நகரத்துக் கார்னகி மண்டபத்தில், நியூயார்க் பில்ஹார்மானிக் வாத்தியக் கோஷ்டியுடன் சேர்ந்து, கனடா தேசத்துப் பியானோ வித்வான் கிளென் கூல்ட், யோஹானஸ் பிராம்ஸ் இயற்றிய டி மைனர் கான்செர்ட்டோவை வாசித்தார். கோஷ்டியை நடத்தியவர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன். கூல்டுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை 1955இல் தட்டில் பதிந்து, அது மறுவருஷம் வெளிவந்தவுடனேயே உலகப் புகழ் பெற்றுவிட்டவர். 1957இல் சோவியத் ருஷ்யாவுக்குப் போய் அங்குள்ளவர்களைப் பிரமிக்க வைத்தவர். பெர்ன்ஸ்டைனோ அமெரிக்கச் சங்கீத உலகத்தில் தொலைக்காட்சி மூலம் வீட்டுக்கு வீடு அறிமுகமான முகம். இருவரும் நண்பர்கள், பீத்தோவனின் இரண்டாவது கான்செர்ட்டோவைச் சேர்ந்து பதிவு செய்தவர்கள். ஆகையால், அன்றைக்கு நடந்தது இரண்டு விரோதிகளின் மோதல் என்று பிற்காலத்தில் பரவிய கதையை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம்.

கான்செர்ட்டோ என்பது நம் கச்சேரி முறைக்குச் சற்று அந்நியமானது. நம்மிடத்தில் பாடகர் காலத்தை எடுத்தால் பக்கவாத்தியக்காரர்கள் அதைப் பின்பற்றுவார்கள், அதில் விவாதமில்லை. அங்கேயோ, எண்பது தொண்ணூறு பேர் கொண்ட கோஷ்டிக்குக் கோல் பிடிக்கும் நடத்துநர் ஒருவர், தனித்து வாசிக்கும் வித்வான் ஒருவர், இவர்கள் இருவருக்கும் முன்னே எழுதிவைத்துப் போய்விட்ட சாகித்தியகர்த்தா ஒருவர் என்று மூன்று அதிகாரங்கள். மூவரில் கடைசி வார்த்தை யாருடையது என்பது எழுதப்படாத சட்டம். பெரும்பாலும் ஒத்திகை அறையிலேயே பேசித் தீர்த்துக்கொண்டு, சபைக்கு முன் ஒற்றுமையாக வந்து நிற்பார்கள். அன்றைக்கு இருவரின் அபிப்பிராய பேதமும் சபைக்கே சொல்லப்பட்டுவிட்டது. முதல் குற்றமே அதுதான்.

நடந்தது இது. கச்சேரிக்குச் சில நாட்களுக்கு முன்பே கூல்ட் தொலைபேசியில் பெர்ன்ஸ்டைனை அழைத்து, இந்த உருப்படியைப் பற்றித் தமக்குச் சில புதிய எண்ணங்கள் உண்டாகியிருப்பதாக எச்சரித்திருந்தார். ஒத்திகையில் அவற்றைக் கேட்ட பெர்ன்ஸ்டைன் திகைத்தார், ஆனாலும் மறுக்கவில்லை. வியாழக்கிழமைகளில் நடக்கும் முன்னோட்டக் கச்சேரியில் அவர் சபையோரிடம் சில வார்த்தைகள் பேசுவது வழக்கம். அந்த வழக்கத்தையொட்டி, கூல்டின் சம்மதத்தையும் பெற்றுக்கொண்டு, 5ஆம் தேதி ஒரு சிறு முன்னுரை பேசினார். அதையே, விமர்சகர்கள் வந்து உட்கார்ந்திருந்த வெள்ளிக்கிழமையும் பேசினார். நீங்கள் கேட்கப்போவது தாம் இதுவரை கேட்டவை எவற்றிலிருந்தும் வேறுபட்டது, காலம் மிக விரிந்தது, பிராம்ஸ் குறித்த ஒலி ஏற்ற இறக்கங்களிலிருந்தும் பல இடங்களில் விலகியது, தமக்கு இதில் முழு உடன்பாடில்லை என்று சொன்னார். அப்படியானால் ஏன் நடத்துகிறீர்கள் என்று கேட்பீர்கள் என்று தாமே கேள்வியையும் எழுப்பிக்கொண்டு, கூல்ட் சிரத்தையுள்ள கலைஞர், அவர் எண்ணுவதை மரியாதையோடு கேட்பது கடமை, பலமுறை வாசித்துத் தேய்ந்த ஓர் உருப்படியைப் புதிதாகப் பார்க்க இது ஒரு சந்தர்ப்பம், சில இடங்கள் வியக்கத்தக்க புதுமையோடும் உறுதியோடும் எழுகின்றன என்றெல்லாம் பதிலும் சொன்னார். இடையிடையே ஹாஸ்யமும் இருந்தது, சபை சிரித்தது. ஒலிப்பதிவில் அந்தச் சிரிப்பை இன்றும் கேட்கலாம்.

மறுநாள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஹெரால்ட் ஷோன்பெர்க் எழுதினார். சாதாரண விமர்சனமாக எழுதவில்லை. ஓஸிப் என்று ஒரு பழைய பியானோ நண்பருக்குக் கடிதம் எழுதுவதுபோல, கொச்சையும் கேலியுமாக, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வம்பளக்கும் பாணியில் எழுதினார். நடத்துநர் பொறுப்பைத் தட்டிக் கழித்துவிட்டார் என்பது ஒரு குற்றச்சாட்டு. அதைவிடக் கொடியது, கூல்ட் இவ்வளவு மெதுவாக வாசித்ததற்குக் காரணம் ஒருவேளை அவர் விரல்களுக்கு அந்த உருப்படியை வேகமாக வாசிக்கும் சக்தி இல்லாமையே என்று அவர் கண் சிமிட்டிச் சொல்லிவிட்டுப் போனது. ஷோன்பெர்க் அற்பமான எழுத்தாளரல்லர்; பிற்காலத்தில் 1971இல் விமர்சனத்துக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர்; பியானோ வித்வான்களின் பரம்பரையை அவரைப் போல் அறிந்தவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர் சொன்னதனால்தான் அந்த அவதூறு நிலைத்தது. அற்பர்கள் சொல்லியிருந்தால் அன்றே காற்றோடு போயிருக்கும்.

இந்தக் கடைசிக் குற்றச்சாட்டை முதலில் தீர்த்துவிடுகிறேன். அதில் அதிக நேரம் செலவிட அவசியமில்லை. கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை, பகுதிகளைத் திருப்பி வாசிக்காமல், ஏறக்குறைய 38 நிமிஷங்களில் தீப்பொறி பறக்க வாசித்து முடித்த விரல்களுக்கு, பிராம்ஸை வேகமாக வாசிக்கத் திராணியில்லை என்பதை யார் நம்புவது? தவிரவும், பியானோ என்ற வாத்தியத்தின் சுபாவத்தை யோசித்துப் பாருங்கள். வயலினில் வில் ஓடுகிற வரைக்கும் நாதம் நிற்கும். குரலில் மூச்சு உள்ள வரைக்கும் நிற்கும். பியானோவிலோ சுத்தியல் தந்தியைத் தட்டிய கணத்திலேயே நாதம் தேயத் தொடங்கிவிடுகிறது. காலம் விரிய விரிய ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் இடையே அந்தத் தேய்வு அம்பலமாகும். அதை மறைத்து, தொடர்ச்சி என்ற பிரமையை விரல்நுனியின் அழுத்தத்தாலேயே உண்டாக்க வேண்டும். வேகத்தில் எத்தனையோ பிழைகள் மூடுபனியில் மறைவது போல மறைந்துவிடும். நிதானத்தில் ஒன்றும் மறையாது. இயலாதவன் தேடுகிற ஒளிவிடம் அதுவாக இருக்க முடியாது.

இனி, உருப்படியைப் பற்றி. பிராம்ஸுக்கு அது எளிதில் வந்த படைப்பன்று. 1854ஆம் வருஷம் பிப்ரவரியில், அவருக்குக் குருவுக்கு நிகராக இருந்த ராபர்ட் ஷூமன், மனநிலை பிறழ்ந்து ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றப்பட்டு வைத்தியசாலைக்குப் போனார். அந்தத் துயர நாட்களில் இரண்டு பியானோக்களுக்கான ஸொனாட்டாவாகத் தொடங்கியது, பின்னால் சிம்பொனியாக மாற முயன்று, அதுவும் கைகூடாமல், கடைசியில் கான்செர்ட்டோவாக உருவெடுத்தது. அதனால்தான் அதில் தனி வித்வான் தம் சாமர்த்தியத்தை வெளிக்காட்டி மினுக்குவதற்கான இடம் குறைவாகவும், கோஷ்டியோடு இழைந்து கிடக்கும் இடம் அதிகமாகவும் இருக்கிறது. 1859 ஜனவரி 22ஆம் தேதி ஹானோவரில், யோசப் யோவாகிம் நடத்த, இருபத்தைந்து வயது பிராம்ஸே பியானோவில் அமர்ந்து முதன்முதலாக அரங்கேற்றினார். ஐந்து நாள் கழித்து லைப்ஸிக் நகரத்துக் கேவாண்ட்ஹவுஸ் சபையில் வாசித்தபோது, முடிவில் கைதட்டியவர்கள் சிலர். அவர்களை அடக்கும்படி உஸ் உஸ்ஸென்று சீறியவர்கள் பலர். தோல்வி ஐயமற்ற தோல்வி என்று பிராம்ஸ் யோவாகிமுக்கு எழுதியும் விட்டார். கூல்ட் வாசித்து ஏச்சு வாங்கிய உருப்படி, அதைப் படைத்தவரே வாசித்து ஏச்சு வாங்கிய உருப்படி என்பதை நியூயார்க்கில் யாருமே நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சம்பிரதாயத்தை மீறினார் என்கிறார்கள். எந்தச் சம்பிரதாயம்? முதல் பாகத்தின் தலைப்பில் பிராம்ஸ் அச்சிட்டது மாயெஸ்டோஸோ என்ற ஒரே சொல். கம்பீரமாக வாசி என்ற கட்டளைக்கு மேல் அதில் வேகம் எதுவும் இல்லை. தாள யந்திரத்தில் அவருக்கு அதிக நம்பிக்கை இருந்ததில்லை. வேகத்துக்கு எண் கொடுக்கும்படி கேட்ட நண்பர் ஒருவருக்கு, அவ்விதக் குறிகளால் பிரயோஜனம் இல்லை என்று எழுதியவர் அவர். ஆகவே நாம் சம்பிரதாயம் என்று கொண்டாடுவது பிராம்ஸ் விதித்ததைவிட, அவருக்குப் பின் வந்த பெரிய பெரிய கைகள் சபை அதிரும்படி வாசித்து வாசித்து ஏற்படுத்திய பழக்கத்தையே. பழக்கத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் அது சாஸனம் ஆகிவிடாது.

இப்போது அந்த ஒலிப்பதிவுக்கே வருகிறேன். வானொலிக்காகப் பிடிக்கப்பட்டு, வெகுகாலம் திருட்டுத் தட்டுகளில் உலவி, 1998இல் முறைப்படி வெளிவந்தது அது. தொடக்கத்தில் டிம்பனி என்னும் பெருமுரசு உருளுகிறது. அதன்மேல் கீழ்ஸ்தாயி வாத்தியங்கள் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, வயலின்கள் சீற்றத்தோடு பாய்கின்றன. ஒவ்வொரு பாய்ச்சலின் முனையிலும் ட்ரில் என்று அவர்கள் சொல்லும் நடுக்கம். சாதாரணமாக இது இடி மின்னல் போல் நம்மேல் விழுந்து போய்விடும். இங்கோ அந்த ஒவ்வொரு நடுக்கமும் தனித்தனியே நின்று நடுங்குகிறது. கோபம் குறைந்து பயங்கரம் கூடுகிறது. தொண்ணூறு பார்களுக்குப் பிறகுதான் பியானோ நுழைகிறது. அந்த நுழைவை எத்தனையோ வித்வான்கள், இவ்வளவு நேரம் காக்க வைத்ததற்கு ஈடாக, அழுத்தி அறிவித்துக்கொண்டு நுழைவார்கள். கூல்ட் நுழைவதே தெரியவில்லை. கோஷ்டி ஓய்ந்துபோன இடத்தில், அதன் மூச்சே தொடர்கிற மாதிரி, இரண்டு குரல்கள் இணைந்து நடக்கிற அந்தத் தாழ்ந்த வாக்கியங்களைச் சற்றும் விசேஷப்படுத்தாமல் எடுத்துக்கொண்டு போகிறார்; கீழே இடது கை வாசிப்பதும் மேலே வலது கை வாசிப்பதற்குச் சமமாகக் காதில் விழுகிறது. நான் அறிந்த வேறெந்த வாசிப்பிலும் அந்த இடத்தில் இடது கை இவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

பிறகு எஃப் மேஜருக்கு மாறி, பியானோ தனியாக வாசிக்கும் இரண்டாவது பாடம் வருகிறது. இதை இன்னும் சற்று நிதானித்து வாசிக்கும்படி பிராம்ஸே குறித்திருக்கிறார். வழக்கமான வாசிப்பில் அதுவரை ஆவேசமாக ஓடிவந்த வண்டி இங்கே திடீரென்று நின்று, வேறு ஊருக்கு வந்துவிட்டாற்போல் ஆகிவிடும். ஆவேசம் ஒரு பக்கம், உருக்கம் ஒரு பக்கம் என்று பாகமே இரண்டாகப் பிளந்து நிற்கும். கூல்ட் தொடக்கத்திலேயே நிதானித்துவிட்டபடியால், இங்கே புதிதாக நிற்க வேண்டிய அவசியம் நேரவில்லை. முன்னே வந்த சீற்றமும் பின்னே வந்த பிரார்த்தனையும் ஒரே வித்திலிருந்து கிளைத்தவை என்பது காதுக்கே புலனாகிறது. மறுவருஷம் அளித்த ஒரு வானொலிப் பேட்டியில் அவர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: தம் காலப்பிரமாணம் அத்தனை விசித்திரமானதன்று, பகுதிக்குப் பகுதி வேகத்தையும் ஒலியையும் ஏற்றி இறக்கி முரண்பாட்டைப் பெரிதாக்கிக் காட்டும் வழக்கத்தைத் தாம் குறைத்ததுதான் கேட்டவர்களுக்கு விசித்திரமாக இருந்தது என்றார். கான்செர்ட்டோ என்றாலே தனி வித்வானுக்கும் கோஷ்டிக்கும் இடையே நடக்கும் மல்யுத்தம், அதில் வெற்றி கொள்பவனே வீரன் என்ற எண்ணத்தை அவர் ஆயுள் முழுதும் அருவருத்தார். அந்த அருவருப்பின் ஸங்கீத வடிவமே அன்றைய வாசிப்பு.

இன்னொரு சங்கதி. முதல் பாகமும் அதற்கடுத்த அடாஜியோ பாகமும் ஒரே தாளக்கட்டில், ஆறாறாக எண்ணும் கணக்கில், எழுதப்பட்டவை. முதல் பாகத்தை வேகமாக எடுத்தால் அந்த ஆறும் இரண்டு பெரிய அடிகளாகச் சுருங்கிவிடும். அடாஜியோவோடு அதற்கு இருக்கும் உறவு தெரியாமல் போகும். கூல்ட் எடுத்த காலத்தில் ஆறும் ஆறாகவே எண்ண வருகிறது. அதனால் புயல் அடங்கி அடாஜியோ தொடங்கும்போது, முன்பே அடித்துக்கொண்டிருந்த நாடி இன்னும் தணிந்து அடிப்பதாக உணர்கிறோம். அந்த அடாஜியோவின் கையெழுத்துப் பிரதியில் பிராம்ஸ், கத்தோலிக்க வழிபாட்டின் லத்தீன் வாசகம் ஒன்றை எழுதி வைத்திருந்தார். வழிபாட்டுக்குரிய அந்த அமைதியை இவ்வளவு தூரம் முன்னதாகவே ஆயத்தம் செய்துவிட்ட வாசிப்பு வேறொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகமே.

குறை இல்லை என்று நான் சாதிக்கவில்லை. முதல் பாகத்தில் கோஷ்டி சில இடங்களில் தயங்குகிறது. நுழைவுகள் நூலிழை பிசகுகின்றன. தமக்கு நம்பிக்கையில்லாத வழியில் நடந்து செல்பவரின் கால் தடுமாறுவது போன்ற தடுமாற்றம் அது. கடைசி ரோண்டோ பாகத்தில், நடுவே தந்தி வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிசுகிசுத்துக்கொண்டு நுழைகிற இடம் கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறது. அதற்காக அந்தப் பாகம் முழுவதுமே துள்ளலை இழந்து, உற்சாகத்தைப் பற்றி எழுதிய வியாசம் மாதிரி ஆகிவிட்டதை மன்னிக்க முடியவில்லை. அங்கே பெர்ன்ஸ்டைன் பக்கமே நியாயம். இத்தனையும் சொன்ன பிறகும், முதல் இரண்டு பாகங்களில் கிடைத்த லாபம் மூன்றாவதில் நேர்ந்த நஷ்டத்தைவிடப் பன்மடங்கு பெரிது என்பதே என் கணக்கு.

முன்னுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெர்ன்ஸ்டைன் நண்பனைச் சபையில் காட்டிக்கொடுத்தார் என்று அவரை ஏசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். வேறு வித்வானை ஏற்பாடு செய்துகொள்ளலாம், துணை நடத்துநரை அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற இரண்டு வழிகள் இருந்தும், அவற்றை அந்த முன்னுரையிலேயே சபைக்குச் சொல்லிவிட்டும், அவர் மேடை ஏறி, தாம் நம்பாத காலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடத்திக்கொடுத்தார். அது சாமானியமான மரியாதையன்று. கூல்டும் அந்தப் பேச்சினால் புண்படவில்லை. ரசித்ததாகவே பின்னால் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு அறியாமல் ஓர் அபகாரம் செய்துவிட்டது. விசித்திரம் வரப்போகிறது என்று முன்னறிவிப்புப் பெற்றவர்கள், சங்கீதத்தைக் கேட்பதை விட்டுவிட்டு விசித்திரத்தை எண்ண ஆரம்பித்தார்கள். மொத்தம் 53 நிமிஷம் ஆயிற்றாம்; மற்றவர்கள் 45இலிருந்து 50 நிமிஷத்துக்குள் முடித்துவிடுவார்களாம். அந்தச் சில நிமிஷ வித்தியாசத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? அதே பெர்ன்ஸ்டைன், 1983இல் வியன்னா பில்ஹார்மானிக்கோடு, போலந்து நாட்டுக் கிறிஸ்டியன் ஸிமர்மனைப் பியானோவில் வைத்துக்கொண்டு இதே கான்செர்ட்டோவை நடத்தினார். அதுவும் கூல்டின் வாசிப்புக்கு ஏறக்குறையச் சமமான நேரத்தை எடுத்துக்கொண்டது. முன்னுரை எதுவும் இல்லை, அவதூறும் இல்லை. அதைக் கேட்டவர்கள் ஆழம் என்றார்கள், விசாலம் என்றார்கள்.

கூல்ட் அதற்குப் பிறகு இரண்டே வருஷம் மேடையில் வாசித்தார். 1964 ஏப்ரல் 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் வாசித்ததோடு கச்சேரி மேடையைத் துறந்து, 1982இல் ஐம்பதாவது வயதில் காலமாகும் வரை ஒலிப்பதிவு அறையிலேயே காலம் கழித்தார். நியூயார்க் விமர்சனங்களால்தான் இப்படிச் செய்தார் என்று சொல்லுவது பிசகு. மேடையை விட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. சபையோரை, ரத்தத்துக்கு அலையும் கூட்டமாகவே அவர் கருதி வந்தார். ஆனால் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ள அந்த ஏப்ரல் மாதம் அவருக்கு உதவவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

உங்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். அந்த ஒலிப்பதிவு இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதைக் கேட்கும்போது பெர்ன்ஸ்டைனின் முன்னுரையைத் தாண்டிவிட்டு, நேரே பெருமுரசின் உருளலிலிருந்து தொடங்குங்கள். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பியானோ நுழையும் இடத்தில் இடது கையைக் கவனியுங்கள். அடாஜியோ முடிகிற வரைக்குமாவது நடுவில் எழுந்திருக்காதீர்கள். கேட்டு முடித்து, கடைசியில் எழும் கரகோஷத்தையும் கேட்டுவிட்டு, அதன்பின் முன்னுரையைக் கேளுங்கள். ஷோன்பெர்க் எழுதியதையும் தேடிப் படியுங்கள். தீர்ப்பை அப்போது சொல்லலாம். அது எனக்கு விரோதமாக வந்தாலும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன்.